குங்குமநீர் உறுதிமொழி

காஞ்சி என்பது நமக்கு ஊரின் பெயர். தமிழ் இலக்கணத்திலோ அது ஒரு திணையின் பெயர். புறநானூற்றில் 71, 72, 73 ஆகிய மூன்று பாடல்களும் ‘வஞ்சினக் காஞ்சி’ என்னும் துறையைச் சேர்ந்தவை. முறையே பூதப்பாண்டியனும் நெடுஞ்செழியனும் நலங்கிள்ளியும் பாடியவை. “பகைவரை வெல்லேனாயின் எனக்கு இன்ன இழிவு வந்து சேர்க” என்று அரசன் தானே உரைக்கும் சூளுரையே வஞ்சினம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த நம் வகுப்பில் இப்பாடல்களை நடத்தும்போது ஊர்ப்பெயரைக் கேட்டு ஒரு சிறு சிரிப்பு எழும். பின்னர் பாடம் தன் வழியே போகும்.

சென்ற பருவத்தில் அவ்வாறு போகவில்லை. “ஐயா, வாஞ்சிநாதன் செய்ததும் வஞ்சினம்தானே?” என்று ஒரு மாணவர் கேட்டார். ஆம், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு என்று விளக்கத் தொடங்கினோம். அதற்குள் பின்வரிசையிலிருந்து மற்றொருவர் எழுந்தார். “அவர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தில் ஜார்ஜ் பஞ்சமன் என்று எழுதியிருக்கிறதாமே. பஞ்சமன் என்றால் ஐந்தாமவன் என்று மட்டும்தானா பொருள், ஐயா?” மணி அடித்துவிட்டது. அடிக்காதிருந்தாலும் அன்று நம்மிடம் விடை இருந்திருக்காது என்பதே உண்மை. இக்கட்டுரை அம்மாணவருக்குக் காலந்தாழ்த்தி எழுதும் விடை.

முதற்கேள்வியிலிருந்தே தொடங்குவோம். சங்ககாலத்து வஞ்சினம் அவையில் உரைக்கப்படுவது. கேட்போர் பலர் இருக்கவேண்டும். தோற்றால் நகைப்பதற்கும் அவர்கள் வேண்டும். ‘மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாதொழிக’ என்று நெடுஞ்செழியன் சொல்வது, அப்புலவர்கள் கேட்கும்படி சொன்னால்தான் பொருள்படும். ஊரறியச் சொல்வதே அதன் வலிமை. 1910 ஆம் ஆண்டில் தென்காசியில் மடத்துக்கடைச் சிதம்பரம் பிள்ளையின் இல்லத்தில் எடுக்கப்பட்ட உறுதிமொழியோ ஒருவரும் அறியலாகாது என்பதையே தன் முதல் விதியாகக் கொண்டது.

அச்சடங்கை நடத்தியவர் நீலகண்ட பிரம்மச்சாரி. சீர்காழியை அடுத்த எருக்கூரில் 1889 இல் பிறந்தவர்; அப்போது இருபது வயதினர். வாஞ்சியின் மைத்துனரான சங்கரகிருஷ்ணனோடு தென்மாவட்டங்களில் சுற்றி, சுதேசியம் பேசி, நம்பத்தக்க இளைஞர்களைத் திரட்டி வந்தார். அமைப்பின் பெயர் பாரத மாதா சங்கம். தென்காசியில் நடந்தவற்றைப் பின்னர் வழக்குமன்றத்தில் விரித்துரைத்தவர் ஆறுமுகம் பிள்ளை என்னும் அப்ரூவர். அவர் காட்டிய சித்திரம் இது: அறையில் காளியின் படம், அதன்முன் பூவும் திருநீறும் குங்குமமும், ‘வந்தே மாதரம்’ என்று தலைப்பிட்ட தாள்கள். வெள்ளையரைக் கொல்வது, உயிரையும் பொருளையும் அதற்கு ஈவது, கமுக்கத்தை வெளியிடாதிருப்பது என்னும் உறுதிகள் அத்தாள்களில் எழுதப்பட்டன. நீரில் குங்குமம் கரைக்கப்பட்டது. அதனை வெள்ளையர் குருதியாகப் பாவித்து அனைவரும் பருகினர். பின்னர்ப் பெருவிரலைக் கீறித் தாளில் குருதிக் கைநாட்டு இட்டனர்.

அப்ரூவரின் வாக்கு என்பதால் இதனை ஐயத்தோடு படிப்போர் உண்டு. தன்னைக் காத்துக்கொள்ளச் சாட்சி சொல்பவன் சற்றுக் கூட்டிச் சொல்வது இயல்பே. ஆயினும் இச்சடங்கில் வெளியூர்ப் பொருள் ஒன்றுகூட இல்லை என்பது நம் கருத்தை ஈர்க்கிறது. காமாட்சியம்மன் சந்நிதியில் குங்குமம் பெற்றுவரும் நம் ஊரார்க்கு அது மங்கலப்பொருள். அதே குங்குமத்தைப் பூசணிக்காயின் உள்ளே கொட்டி, ஆயுத பூசையன்று கடைவாசலில் உடைக்கும்போது அது குருதி. உயிர்ப்பலிக்கு மாற்றாகக் காயும், குருதிக்கு மாற்றாகக் குங்குமமும் வந்தமைந்த இந்த ஏற்பாட்டைத் தனியே விளக்கவேண்டியதில்லை. சிறு பிள்ளைக்கும் தெரியும். ஒரு நாள் பயணமாக மாமல்லபுரம் செல்வோர் திரௌபதி ரதத்தின் உள்ளே சற்றுக் குனிந்து பார்க்கட்டும். கொற்றவையின் காலடியில் ஒருவன் தன் முடியைப் பற்றித் தன் தலையையே அரிய முற்படும் காட்சி அங்கே கல்லில் நிற்கிறது. கலிங்கத்துப்பரணியின் காளிகோயிலும் அத்தகைய தலைகளால் நிறைந்ததே. நீலகண்டர் புதிதாக ஒன்றையும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. பழைய அவிப்பலியின் திசையை மாற்றினார், அவ்வளவே. தன் தலையைத் தரும் வழிபாடு பிறன் குருதியைக் குடிக்கும் வழிபாடாயிற்று.

சடங்கின் பொருள்கள் உள்ளூரைச் சேர்ந்தவை. அமைப்பின் வடிவமோ கடல்கடந்து வந்தது. இத்தாலியின் மாத்சினி நடத்திய ‘இளம் இத்தாலி’ இயக்கத்தைக் கண்டு சாவர்க்கர் 1904 இல் அபிநவ பாரத சங்கத்தை உருவாக்கினார். இலண்டனில் அவரோடிருந்த வ.வே.சு. ஐயர் 1910 இன் இறுதிப்பகுதியில் தப்பிவந்து புதுச்சேரியில் தங்கினார். ‘அபிநவ பாரத சமாஜத்தில் சேர்வதற்கான பிரமாணம்’, ‘ஆரியர்களுக்கு ஓர் ஆப்த வாக்கியம்’ என்னும் இரு தமிழ்த் துண்டறிக்கைகளை 1918 இல் வெளியான ரௌலட் குழு அறிக்கை குறிப்பிடுகிறது. அவற்றை அச்சிட்ட இடமாகத் தரப்பட்ட பெயர் ‘பிரங்கி நாசனி அச்சுக்கூடம்’. அச்சகத்தின் பெயரே சபதமாக இருக்கிறது! டாக்காவின் அனுசீலன் சமிதியோ இன்னும் முறைமை வாய்ந்தது. தொடக்கவிரதம், இறுதிவிரதம், முதற் சிறப்புவிரதம், இரண்டாம் சிறப்புவிரதம் எனப் படிப்படியாக நான்கு உறுதிமொழிகள். முதல்நாள் ஒருவேளை ஹவிஷ்யான்னம் உண்டு, காளியின்முன் ஒருகால் முன்வைத்த நிலையில் இருக்க, தலைமீது கீதையையும் வாளையும் வைத்து உறுதி வாங்குவர்.

ஒப்பிட்டுப் பார்க்க, இதற்கு நேரெதிர்த் திசையில் நின்ற ஒரு மறைகுழுவை இங்கே நினைவுகூர்வது பயன்தரும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையர் மேலாண்மையைக் காக்கத் தோன்றிய கூ கிளக்ஸ் கிளான் அது. உள்நாட்டுப்போரில் தோற்ற தரப்பின் முன்னாள் படைவீரர் அறுவர் 1865 இறுதியில் டென்னசியின் புலாஸ்கி என்னும் சிற்றூரில் அதனைத் தொடங்கினர். தொடக்கம் வெறும் கேளிக்கை. புதிதாகச் சேர்பவனின் கண்ணைக் கட்டி, விளையாட்டாக விசாரணை நடத்தி, ‘அரசமுடி’ சூட்டுவதாகச் சொல்லிக் கட்டை அவிழ்த்தால், எதிரேயுள்ள கண்ணாடியில் அவன் காண்பது கழுதைக்காது வைத்த தொப்பியணிந்த தன் முகத்தை. இந்தக் கேளிக்கைக் கூட்டம் ஈராண்டுக்குள் கொலைக்கூட்டமாயிற்று. போரில் இறந்த வீரர்களின் ஆவிகள் நாங்கள் என்று வெள்ளைத்துணி போர்த்துக்கொண்டு, விடுதலைபெற்ற கறுப்பின மக்களின் குடில்களுக்கு நள்ளிரவில் சென்றனர். வாக்களித்தவர், நிலம் வாங்கியவர், பள்ளி நடத்தியவர் எனத் தேடித்தேடிச் சவுக்காலடித்தனர், தூக்கிலிட்டனர்.

1867 இல் அவர்கள் ஆக்கிய விதிநூல் ஒரு விந்தை. சங்கத்தின் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் உடுக்குறிகளே இருக்கும். மாதங்களுக்கும் நாட்களுக்கும் நாழிகைகளுக்கும் தனித்தனிச் சங்கேதச் சொற்கள். முழுமைக்கும் பெயர் பேரரசு. அதன் தலைவன் பெருமந்திரவாதி. மாநிலத்துக்கு ஒரு பறவைநாகம், அதன்கீழுள்ள வட்டாரத்துக்கு ஒரு பெரும்பூதம், மாவட்டத்துக்கு ஓர் அரக்கன், ஊர்க்கிளையாகிய ‘குகை’க்கு ஓர் ஒற்றைக்கண்ணன், சாதாரண உறுப்பினர் எல்லோரும் பிணந்தின்னிப் பேய்கள். 1871 இல் அமெரிக்க அரசு தனிச்சட்டம் இயற்றித் தென்கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்த பின்னரே இது ஒடுங்கியது. 1915 இல் வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையுச்சியில் சிலுவையைக் கொளுத்தி அதனை மீண்டும் எழுப்பினார். எரியும் சிலுவை பழைய கிளானின் சடங்கே அன்று. தாமஸ் டிக்சன் எழுதிய நாவலிலிருந்தும், அதைக் கொண்டு அவ்வாண்டு வெளியான திரைப்படத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. கதையைப் படித்துச் சடங்கு செய்தவர்கள் இவர்கள். இலக்கியம் கற்பிப்போர்க்கு இது சற்றே அச்சமூட்டும் செய்தி.

இரண்டாம் கிளானிலும் நீர் உண்டு. ‘குளோரான்’ என்னும் அவர்களது சடங்குநூலின்படி, சேரவருபவன் அதுவரை ‘அயலான்’. கீழ்ப்படிதல், கமுக்கம், உண்மை, குழுப்பற்று என்னும் நான்கு பகுதி உறுதிமொழியை ஏற்ற பின்னர் அவன்மீது நீர் தெளிக்கப்படும்; அக்கணத்தில் அவன் ‘குடிமகன்’ ஆவான். நுழைவுக்கட்டணம் 10 டாலர், அதில் 4 டாலர் ஆள்சேர்த்த முகவருக்கு. இக்கணக்கைக் கண்டபின் நமக்கு அந்த நீரின்மீதிருந்த சிறு மர்மமும் போய்விட்டது.

நெல்லைச் சீமையின் இளைஞர்களைக் கிளானோடு ஒருதட்டில் நிறுத்துகிறோம் என்று வாசகர் எண்ணவேண்டா. கிளான் ஆண்டவர்களின் கூட்டம். அதன் முகமூடியைப் பெரும்பாலும் அண்டைவீட்டார் அறிந்தே இருந்தனர். ஷெரீபும் ஜூரிகளும் பலவிடங்களில் அதன் பக்கமே நின்றனர். தென்காசியில் கூடியவர்கள் ஆளப்பட்டவர்கள். 1906 இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் நசுக்கப்பட்டதையும், 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் நடந்த துப்பாக்கிச்சூட்டையும், அவ்வாண்டே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதையும் அண்மையில் கண்டவர்கள். கிளானுக்கு முகமூடி அச்சுறுத்தும் கருவி. இவர்களுக்குக் கமுக்கமே உயிர்க்காப்பு. அந்தக் காப்பும் மெல்லியதாக இருந்தது. கிளானுக்கிருந்த ஏணிப்படி அமைப்போ டாக்காவின் விரத ஒழுங்கோ இங்கில்லை. நீலகண்டர் என்னும் ஒரே மையம். அவரால் உறுதிமொழி ஏற்ற சிலர் தென்காசியில், சிலர் செங்கோட்டையில், சிலர் தூத்துக்குடியில், சிலர் புனலூரில். ஒருவரையொருவர் அறிந்த நட்பும் உறவுமே இணைப்புக் கயிறு. நெசவில் பாவு இருந்து ஊடை இல்லாததைப் போல.

ஆகவே, ஓரிழையை இழுத்ததும் முழுவதும் பிரிந்தது. வனத்துறையில் பணிபுரிந்த செங்கோட்டை வாஞ்சி, 1911 தொடக்கத்தில் விடுப்பெடுத்துப் புதுச்சேரி சென்று கைத்துப்பாக்கி பழகினார். அவ்வாண்டு ஜூன் 17 காலையில் மணியாச்சிச் சந்திப்பில், மனைவியோடு முதல்வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்த மாவட்ட ஆட்சியர் ஆஷைச் சுட்டுக்கொன்று, நிலையத்துக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டார். அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி. தொடர்ந்து வீடுகள் சோதனையிடப்பட்டன. ஆறுமுகம் பிள்ளையும் சோமசுந்தரம் பிள்ளையும் அப்ரூவராயினர். தர்மராஜ ஐயர், வெங்கடேசுவர ஐயர் என்னும் இருவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். பதினால்வர்மீது நடந்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் மூவர் அமர்வு விசாரித்தது. 1912 இல் ஒன்பதின்மருக்குத் தண்டனை. நீலகண்டருக்கு ஏழாண்டு. கொலைச்சதி பற்றி நீதிபதி சங்கரன் நாயர் மற்ற இருவரோடும் மாறுபட்டுத் தனித்தீர்ப்பு எழுதினார்.

இனி, பின்வரிசை மாணவரின் கேள்வி.

வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம், ஆங்கிலேயர் நாட்டைப் பறித்து சனாதன தர்மத்தை மிதிப்பதாகக் கூறுகிறது. இராமனும் சிவாஜியும் குரு கோவிந்தரும் ஆண்ட நாட்டில், பசு இறைச்சி உண்ணும் மிலேச்சனாகிய ‘ஜார்ஜ் பஞ்சம’னுக்கு முடிசூட்டுவதா என்று கொதிக்கிறது. 3,000 சென்னை மாகாணத்தார் அவனைக் கொல்ல உறுதிபூண்டிருப்பதாகவும், அவர்களுள் கடையனாகிய தான் இதைச் செய்ததாகவும் சொல்கிறது. 3,000 என்பது குருதிக் கைநாட்டிட்டோரின் கணக்கன்று. ஒரு தனிமனிதன் தன் பின்னே நிறுத்திக்கொண்ட கற்பனைப் படை.

‘பஞ்சமன்’ என்பதை ஐந்தாமவன் என்னும் எண்ணுப்பெயராகவே கொள்ளவேண்டும் என்பார் உளர். வடமொழி வழக்கில் அது பிழையன்று. இந்தியில் இன்றும் அம்மன்னர் ஜார்ஜ் பஞ்சமரே. ஆனால் 1911 இன் தமிழகத்தில் அச்சொல் எங்கெல்லாம் வழங்கிற்று? நால்வருணத்துக்கு வெளியே ஐந்தாமவராக ஒதுக்கப்பட்ட மக்களை அரசுப் பதிவுகள் பஞ்சமர் என்றே எழுதின. ஆல்காட் அடையாற்றை அடுத்து 1894 முதல் நிறுவிய பள்ளிகள் பஞ்சமர் பள்ளிகள். 1922 இல்தான் அரசு ஆதி திராவிடர் என்னும் பெயரை ஏற்றது. சிலேடை என்பதற்கு நாம் வகுப்பில் சொல்லும் இலக்கணம், ஒரு சொல்லின் இரு பொருளும் கேட்போர் செவியில் உயிரோடிருக்கவேண்டும் என்பது. இங்கே இரண்டும் உயிரோடிருந்தன. பசு இறைச்சியையும் மிலேச்சனையும் அருகில் வைத்தபின் எண்ணுப்பொருள் மட்டும் தனித்து நிற்காது. உலகின் மிகப்பெரிய பேரரசனை இழித்துரைக்கத் தேடியபோது, தம் ஊர்க்கோடியில் வாழ்ந்தவர்களின் பெயரே கைக்கு எட்டியது. ‘ஆரியர்களுக்கு’ என்று அழைக்கும் துண்டறிக்கையும் யாரை அழைத்தது, யாரை அழைக்கவில்லை என்பதை அறிய, வழக்கில் நின்றோரின் பட்டியலைப் பார்த்தால் போதும். ஏறக்குறைய எல்லாப் பெயரின் வாலிலும் ஐயர், ஐயங்கார், பிள்ளை.

அதே ஆண்டுகளில் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘தமிழன்’ இதழை நடத்தி, சுயராச்சியம் கேட்போர் சாதியை என்ன செய்யப்போகிறார்கள் என்று விடாது கேட்டுக்கொண்டிருந்தார். அக்கேள்வி அப்போதே அச்சில் இருந்தது. நாம் இன்று புதிதாகக் கண்டதன்று. மற்றொரு பக்கம், ஆஷ் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணைப் பேறுகாலத்தில் அக்கிரகாரத்தின் வழியே வண்டியில் அழைத்துச்சென்றதாலேயே கொல்லப்பட்டார் என்றொரு கதை பரவியிருக்கிறது. அக்காலத்துச் சான்று எதையும் இக்கதைக்கு எவரும் காட்டவில்லை. எனவே நாம் அதை ஏற்கவில்லை. கடிதத்தில் அந்தச் சொல் இல்லாதிருந்தால் இக்கதை வேர்பிடித்திருக்குமா என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

ஆயினும் தென்காசி வீட்டுக்கு ஒருமுறை திரும்பிச் செல்லவேண்டும். பிள்ளைமார் ஒருவர் இல்லத்தில் ஐயர்மாரும் பிள்ளைமாரும் ஒன்றாக அமர்ந்து நீர்பருகுவது 1910 இல் எளிய செயலன்று. சாவுக்கு ஒப்புக்கொண்டவர்கள் ஒரு சுவரையேனும் கடந்தார்கள். அச்சுவர் கடந்த இடத்திலேயே நின்றதா என்பதற்கு விடை, வாஞ்சிக்குத் துப்பாக்கி பழக்கிய வ.வே.சு. ஐயரின் வாழ்விலேயே கிடைக்கிறது. பிற்காலத்தில் அவர் காந்தியவழியை ஏற்று, சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரஸ் அதற்கு 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே பார்ப்பன மாணவர் இருவர் தனியே உண்ண இடமளிக்கப்பட்டது; பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற இயலாது என்றார் ஐயர். அவர் தாம் எல்லோரோடும் உண்பவரே, அதை மறைக்கக்கூடாது. ஆனால் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டது அவருடைய சொந்தப் பந்தியைப் பற்றியன்று. சர்ச்சை தீராத நிலையில் 1925 ஜூன் 3 அன்று பாபநாசம் அருவியில் மகளைக் காக்கப்போய் ஐயர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் திரு.வி.க. தலைமையில் மாகாணக் காங்கிரஸ் மாநாடு கூடியது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் அங்கிருந்து வெளியேறினார். மாநாடு கூடிய ஊர் காஞ்சிபுரம்.

இதையெல்லாம் அடுத்த வாரம் வகுப்பில் சொன்னோம். பின்வரிசை மாணவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்தபின், “ஐயா, அந்தத் தென்காசி வீட்டில் குங்குமநீரை எத்தனைக் குவளையில் கொடுத்தார்கள்?” என்றார்.

அன்றைய வழக்கறிஞர் எவருக்கும் அதைக் கேட்கத் தோன்றியிருக்காது என்று சொல்லிவிட்டு, வருகைப்பதிவேட்டைத் திறந்தோம்.